7,731 வாக்குகள், இரண்டு நாற்காலிகள்: வட அயர்லாந்து பெண்கள் கூட்டணி, 1996–2006

1996 மே 30 அன்று வட அயர்லாந்தில் நடந்த தேர்தலில் ஏறத்தாழ ஏழரை லட்சம் வாக்குகள் பதிவாயின. பிறந்து ஆறு வாரமே ஆன ஒரு பெண்கள் கட்சிக்கு அதில் கிடைத்தது 7,731. நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கு. எந்தத் தொகுதியிலும் அந்தக் கட்சி வெல்லவில்லை. ஆனாலும் பதினோரு நாள் கழித்து, ஜூன் 10 அன்று, பெல்ஃபாஸ்ட் அருகே ஸ்டோர்மான்ட் வளாகத்தில் சமாதானப் பேச்சு தொடங்கியபோது, அந்தக் கட்சியின் இரண்டு பெண்கள் மற்றக் கட்சித் தலைவர்களுக்கு ஈடாக மேசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அமைதிப் பேச்சில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்காத நாடு இல்லை. கிடைப்பதுதான் அரிது. 1992 முதல் 2019 வரை உலகில் நடந்த பெரிய அமைதிப் பேச்சுகளில் பேச்சாளர்களில் பெண்கள் 13 சதவீதம், மத்தியஸ்தர்களில் 6 சதவீதம், கையெழுத்திட்டவர்களில் 6 சதவீதம் என்பது ஐ.நா.வின் பெண்கள் அமைப்பு எடுத்துக்காட்டும் கணக்கு. இந்த நிலைக்கு ஆண்களின் மனப்பான்மையைக் காரணம் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். வட அயர்லாந்து நிகழ்வை ஆவணங்களோடு வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அந்தப் பெண்களை உள்ளே கொண்டுவந்தது தேர்தல் சட்டத்தின் ஒரு பிரிவு. ஏழு ஆண்டு கழித்து வெளியே தள்ளியதும் இன்னொரு தேர்தல் விதிதான். அவர்கள் எழுதிவைத்த வாசகங்களில் எது பிழைத்தது, எது செத்தது என்பதையும் அப்படியே விதிகளைக் கொண்டு விளக்க முடியும்.

வெளியே நின்றவர்கள்

1960களின் இறுதியில் தொடங்கிய மோதலில் முப்பது ஆண்டுகளில் 3,500 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். வட அயர்லாந்தின் மக்கள்தொகை அப்போது பதினாறு, பதினேழு லட்சம்தான் என்பதை நினைவில் வைத்தால் இந்த எண்ணின் கனம் புரியும். ஒருபுறம் பிரிட்டனோடு இணைந்தே இருக்க விரும்பிய ஒன்றியவாதிகள். இவர்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். மறுபுறம் ஐக்கிய அயர்லாந்தை விரும்பிய தேசியவாதிகள், பெரும்பாலோர் கத்தோலிக்கர். இருபுறமும் ஆயுதக் குழுக்கள் இருந்தன. பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் நின்றது.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1976இல் மூன்று குழந்தைகள் பலியான பிறகு மெய்ரீட் காரிகனும் பெட்டி வில்லியம்ஸும் தொடங்கிய அமைதி இயக்கம் நோபல் பரிசு வரை போனது. ஆனால் அதைவிட இந்த நிகழ்வுக்கு நெருக்கமானது, பேசப்படாமல் நடந்த வேறொரு வேலை. பெல்ஃபாஸ்டின் உழைக்கும் மக்கள் வாழும் பகுதிகளில் பெண்கள் மையங்கள் இயங்கின. குழந்தைப் பராமரிப்பு, கடன் தொல்லை, வீட்டு வன்முறை, வேலைப் பயிற்சி என அன்றாடப் பிரச்சினைகளில் இருதரப்புப் பெண்களும், இரு சமூகப் பகுதிகளைப் பிரிக்கும் சுவருக்கு அப்பால் இருப்பவர்களோடு சேர்ந்து வேலை செய்து பழகியிருந்தார்கள். கத்தோலிக்கப் பகுதியான ஃபால்ஸில் இருந்த பெண்கள் மையத்துக்கு மாநகராட்சி மானியத்தை நிறுத்தியபோது, அதற்காகக் குரல் கொடுத்தது புராட்டஸ்டண்ட் பகுதியான ஷாங்கிலின் பெண்கள் மையம். பின்னால் உருவான கட்சிக்கு இருந்த ஒரே சொத்து இந்தப் பழக்கம்தான்.

அதே காலத்தில் கட்சி அரசியல் முழுக்க ஆண்களிடம் இருந்தது. 1974 பிப்ரவரிக்குப் பிறகு 2001 வரை வட அயர்லாந்திலிருந்து லண்டன் நாடாளுமன்றத்துக்கு ஒரு பெண்கூடப் போகவில்லை. இருபத்தேழு ஆண்டுகள்.

தேர்தல் சட்டத்தில் இருந்த கதவு

பேச்சுவார்த்தைக்கு யார் வருவது என்பதைத் தேர்தல் மூலம் முடிவு செய்வது என்று 1996இல் தீர்மானிக்கப்பட்டது. அதற்கான சட்டம் ஏப்ரலில் நிறைவேறியது. மொத்தம் 110 இடங்கள். பதினெட்டுத் தொகுதிகளில் தொகுதிக்கு ஐந்து வீதம் 90. மீதி 20 இடங்கள் வேறு கணக்கில் வந்தன: வட அயர்லாந்து மாகாணம் முழுவதும் விழுந்த வாக்குகளைக் கூட்டி, முதல் பத்து இடங்களில் வரும் கட்சிகளுக்குத் தலா இரண்டு. இந்தப் பட்டியல் இடங்களுக்குக் குறைந்தபட்ச சதவீதம் எதுவும் இல்லை. முதல் பத்துக்குள் வந்தால் போதும்.

இந்த ஏற்பாடு பெண்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. ஒன்றியவாத ஆயுதக் குழுக்களோடு தொடர்புள்ள இரண்டு சிறு கட்சிகள் சாதாரணத் தேர்தல் முறையில் உள்ளே வருவது கடினம். துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்காகப் பேசக்கூடியவர்கள் மேசையில் இல்லாமல் போர்நிறுத்தம் நிலைக்காது என்று பிரிட்டிஷ், அயர்லாந்து அரசுகள் கருதின. அவர்களுக்காகத் திறந்து வைக்கப்பட்ட வழி அது. அதன் அகலத்தை மற்றவர்களைவிட முன்னதாக அளந்து பார்த்தவர்கள் பெண்கள்.

முதலில் அவர்கள் கட்சி தொடங்க எண்ணவே இல்லை. பெண்கள் அமைப்புகளின் சார்பில், இருக்கும் கட்சிகள் தங்கள் பட்டியலில் பெண்களை முன்வரிசையில் சேர்க்க வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். கட்சிகள் பொருட்படுத்தவில்லை. அதன் பிறகே, மோனிகா மெக்வில்லியம்ஸ், ப்ரோனா ஹைண்ட்ஸ், அவிலா கில்முரே, தொழிற்சங்கத்தில் நீண்டகாலம் உழைத்த மே பிளட் முதலியோர் கூடித் தாங்களே பட்டியல் போடுவது என்ற முடிவுக்கு வந்தார்கள். போட்டியிடும் கட்சிகளின் பெயர்கள் சட்டத்தின் இணைப்பிலேயே இடம்பெற வேண்டியிருந்ததால், கொள்கை அறிக்கை எழுதுவதற்கு முன்பே பெயர் கொடுத்தாக வேண்டும். ‘வட அயர்லாந்து பெண்கள் கூட்டணி’ என்ற பெயர் பதிவானது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். கொள்கையை முதலில் முடித்துவிட்டுப் பெயர் பதியலாம் என்று காத்திருந்தால் கெடு தாண்டியிருக்கும்.

ஆறு வாரக் கணக்கு

சிறு கட்சிகள் வழக்கமாகச் செய்வது, பலமுள்ள ஒரு தொகுதியைப் பிடித்துக்கொண்டு எல்லா ஆளையும் அங்கே இறக்குவது. இந்தத் தேர்தலில் அது தற்கொலை. ஒரு தொகுதியில் ஐந்து இடங்களில் ஒன்றைப் பிடிக்கப் பல ஆயிரம் வாக்குகள் வேண்டும். அது கைக்கு எட்டாது. பட்டியல் இடத்துக்கோ மாகாணம் முழுவதும் சிதறிக் கிடக்கும் வாக்குகளைக் கூட்டினால் போதும். பத்தாவது இடத்துக்குள் வர ஏறத்தாழ 10,000 வாக்குகள் தேவைப்படலாம் என்று மதிப்பிட்டார்கள். அதை 100 பெண்கள், ஆளுக்கு 100 வாக்குகள் என்று பிரித்தார்கள். நூறு வாக்கு என்பது ஒருவரின் சொந்தபந்தம், தெரு, வேலையிடம், குழந்தைகள் படிக்கும் பள்ளியின் வாசல் ஆகியவற்றுக்குள் அடங்கிவிடும் எண்.

நூறு பேர் கிடைக்கவில்லை. எழுபது பேர் நின்றார்கள். கிடைத்த வாக்கை எழுபதால் வகுத்தால் ஆளுக்கு 110. திட்டமிட்ட விகிதத்தை விடச் சற்றுக் கூடுதலே. கூட்டணி ஒன்பதாவது இடத்தில் வந்தது. பத்தாவதாக வந்த தொழிலாளர் கூட்டணிக்கு 6,425 வாக்குகள்.

வேட்பாளர்களில் பலருக்குத் தாங்கள் ஜெயிக்கப் போவதில்லை என்பது தெரியும். தொகுதிப் பட்டியலில் பெயர் கொடுத்ததன் நோக்கம் வாக்குச் சேகரிப்பது மட்டுமே. இதை முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொன்னதால் பின்னால் மனக்கசப்பு வரவில்லை. மாகாணப் பட்டியலின் முதல் இரண்டு பெயர்களையும் யோசித்தே வைத்தார்கள். கத்தோலிக்கப் பின்னணியில் வந்த பல்கலைக்கழக ஆசிரியர் மோனிகா மெக்வில்லியம்ஸ். கிழக்கு பெல்ஃபாஸ்டின் புராட்டஸ்டண்ட் பகுதியில் சமூகப் பணி செய்துவந்த பேர்ல் சாகர். இருவரில் ஒருவர் மட்டும் உள்ளே போயிருந்தால் கூட்டணி மறுநாளே ஏதாவது ஒரு தரப்பின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். தலா இரண்டு இடம் என்ற சட்டம் இங்கே தற்செயலாக உதவியது.

பிரசாரத்துக்குப் பணம் இல்லை. வாக்குரிமை கேட்டுப் போராடிய பழைய பெண்கள் இயக்கத்தின் பச்சை, வெள்ளை, ஊதா நிறங்களை எடுத்துக்கொண்டார்கள். டைனோசர்களுக்கு விடை கொடுங்கள் என்ற சுவரொட்டி மக்கள் மனதில் நின்றது. கொள்கை மூன்றே சொல்லில்: அனைவரையும் சேர்த்தல், சமத்துவம், மனித உரிமை. வட அயர்லாந்து யாரோடு இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர்கள் நிலைப்பாடு எடுக்கவில்லை. இருதரப்புப் பெண்களும் ஒரே கட்சியில் நிற்க அது ஒன்றே வழி. ஏழு ஆண்டு கழித்து வாக்காளரிடம் அதுவே பாரமாகப் போகிறது.

மேசையின் விதிகள்

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இரண்டு இடங்களில் உட்கார்ந்தார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் கட்டுரைகள் நிறைய. ஒன்று 110 பேர் கொண்ட மன்றம். வெள்ளிக்கிழமைகளில் கூடிய, அதிகாரம் இல்லாத விவாத மேடை. தேசியவாத ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வோடு தொடர்புள்ள கட்சியான சின் ஃபெயின் அங்கே வரவே இல்லை. மிதவாதத் தேசியவாதக் கட்சி 1996 ஜூலையில் விலகிக்கொண்டது. மீதி இருந்தவர்களில் பெரும்பான்மை ஒன்றியவாத ஆண்கள். கூட்டணிப் பெண்கள் எழுந்து பேசும்போது மாடு கத்துவதுபோலக் குரல் எழுப்பினார்கள். வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பெண்கள் இதை மூடி மறைக்கவில்லை. வசைகளை எழுதி, சொன்னவர் பெயரோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பத்திரிகைகளுக்கு அது செய்தியானது. அவமானத்தைத் தாங்கிக்கொள்வதே முதிர்ச்சி என்று பெண்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையைவிட இது நல்ல பலன் தந்தது.

மற்றொன்று உண்மையான பேச்சுவார்த்தை. அமெரிக்க செனட்டராக இருந்த ஜார்ஜ் மிட்செல் தலைமை வகித்தார்; பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரியும் கனடாவின் ஜெனரல் ஜான் டி சாஸ்டலெய்னும் உடன் இருந்தார்கள். முடிவெடுக்க ‘போதிய இணக்கம்’ என்ற விதி. ஒரு தீர்மானம் நிறைவேற ஒன்றியவாத வாக்குகளில் பெரும்பான்மையைப் பெற்ற கட்சிகள், தேசியவாத வாக்குகளில் பெரும்பான்மையைப் பெற்ற கட்சிகள், இரு அரசுகள் ஆகியவை ஒப்ப வேண்டும். இவற்றோடு, மேசையில் உள்ள கட்சிகளை எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஆதரவு இருக்க வேண்டும். முதல் இரண்டு கணக்கிலும் பெண்கள் கூட்டணிக்கு இடமே இல்லை, அவர்கள் எந்தத் தரப்பும் இல்லை என்பதால். கடைசிக் கணக்கில் மட்டும் ஒரு சதவீதக் கட்சியும் 24 சதவீதக் கட்சியும் சமம். அவர்களுடைய செல்வாக்கின் சட்ட அடிப்படை அவ்வளவுதான். மீதியை வேலையால் சம்பாதித்தார்கள்.

எப்படி? நடைமுறை விதிகளை வரிவரியாகப் படித்தார்கள். பெரிய கட்சிகள் தாங்கள் விட்டுக்கொடுக்க முடியாத புள்ளிகளில் மட்டும் கவனம் வைத்திருந்தபோது, நிகழ்ச்சி நிரல், கூட்ட வரிசை, வரைவு வாசகம் ஆகியவற்றில் கூட்டணி திருத்தம் கொடுத்தது. ஒரு கட்சியின் ஆட்கள் மற்றொரு கட்சியோடு நேரடியாகப் பேச மறுத்த அறையில், எல்லோரோடும் பேசும் ஒரே குழுவாக நடைபாதையில் தூது போனது. மேசையில் உள்ள இருவருக்குப் பின்னால் ஆலோசனைக் குழு ஒன்று எப்போதும் இருந்தது. அதிலும் இரு சமூகத்தவரும் இருக்க வேண்டும் என்பது எழுதாத கட்டாயம். உறுப்பினர்களின் பொதுக் கூட்டத்தை அடிக்கடி கூட்டி, காவல்துறை, ஆயுதக் களைவு, ஊர்வலங்கள் போன்ற சிக்கலான விஷயங்களைத் திறந்து பேசினார்கள். அங்கே வாக்கெடுப்பில் பெரும்பான்மை பார்க்காமல், மூன்று கொள்கைகளோடு ஒத்துப்போகிறதா என்றே ஒவ்வொரு நிலைப்பாட்டையும் சோதித்தார்கள். வாக்கெடுப்பு வைத்திருந்தால் கூட்டணி மதவாரியாகப் பிளந்திருக்கும்.

விலை இருந்தது. பேச்சு மூன்று இழைகளாக நடந்தது: வட அயர்லாந்துக்குள்ளான ஆட்சி முறை, வடக்கு–தெற்கு அயர்லாந்து உறவு, பிரிட்டன்–அயர்லாந்து உறவு. பெரிய கட்சி ஒவ்வோர் இழைக்கும் தனி அணி வைத்திருந்தது. கூட்டணியில் அதே சிலர் எல்லா அறைக்கும் ஓடினார்கள். பெரும்பாலோர் சம்பளம் இல்லாமல், வீட்டையும் வேலையையும் பார்த்துக்கொண்டு.

யாரையும் வெளியேற்றாதே

1997 ஜூலையில் ஐ.ஆர்.ஏ. மீண்டும் போர்நிறுத்தம் அறிவித்தது. செப்டம்பரில் சின் ஃபெயின் மேசைக்கு வந்தது. அதை ஏற்காத இரண்டு ஒன்றியவாதக் கட்சிகள் எழுந்து போயின. மேசையில் எட்டுக் கட்சிகள் மிஞ்சின. 1998 ஜனவரியில் ஒன்றியவாத ஆயுதக் குழு ஒன்றின் கொலைகளால் அதோடு தொடர்புள்ள கட்சி வெளியேற வேண்டியதாயிற்று, பிப்ரவரியில் ஐ.ஆர்.ஏ. மீது சுமத்தப்பட்ட கொலைகளுக்காகச் சின் ஃபெயின் சில வாரம் நிறுத்திவைக்கப்பட்டது.

இந்த வெளியேற்றங்களைப் பெண்கள் கூட்டணி விரும்பவில்லை. கொலையை மன்னித்ததாக அவர்கள் மேல் பழி விழுந்தது. அவர்களுடைய வாதம் நடைமுறை சார்ந்தது: மேசையிலிருந்து தள்ளப்பட்ட கட்சி தன் ஆயுதக் குழுவிடம் சொல்ல எதுவும் இல்லாமல் போகும்; அடுத்த கொலையைத் தடுக்கும் ஆள் குறையும். வெளியே நின்றவர்களோடும் தொடர்பை அறுக்காமல் வைத்திருந்தார்கள். இந்த இடத்தில் அவர்கள் செய்தது சரி என்றே கருத வேண்டியுள்ளது. தள்ளப்பட்டவர்களின் ஆதரவும் இல்லாமல் ஏப்ரலில் உடன்பாடு எட்டியிருக்க முடியாது.

எழுதிவைத்தவை

மிட்செல் கெடு வைத்தார்: ஏப்ரல் 9 நள்ளிரவு. உடன்பாடு மறுநாள் மாலை, 1998 ஏப்ரல் 10, புனித வெள்ளியன்று அறிவிக்கப்பட்டது.

பெண்கள் கூட்டணியின் கைத்தடம் உள்ள பகுதிகளைத் தனியாகப் பிரித்துப் படிப்பது பயனுள்ளது, ஏனென்றால் அவை எழுதப்பட்ட விதம் வேறு வேறு. உரிமைகள் அத்தியாயத்தின் தொடக்கத்தில் கட்சிகள் உறுதியளிக்கும் உரிமைகளின் பட்டியல் வருகிறது. அதன் கடைசி வரி, பெண்கள் முழுமையாகவும் சமமாகவும் அரசியலில் பங்கேற்கும் உரிமை. நல்ல வாசகம். ஆனால் வினைச்சொல்லைப் பாருங்கள்: கட்சிகள் ‘உறுதி கூறுகின்றன’. யார் செய்ய வேண்டும், எப்போது, செய்யாவிட்டால் யாரிடம் முறையிடுவது என்பது எங்கும் இல்லை. பொருளாதாரப் பகுதியில் பெண்களைப் பொதுவாழ்வில் முன்னேற்றுவது அரசின் பரந்த கொள்கைகளில் ஒன்றாக வருகிறது. அதுவும் அதே வகை.

பாதிக்கப்பட்டோர் பற்றிய பகுதி கூட்டணியின் பெரிய உழைப்பு. மற்றக் கட்சிகள் கைதிகள் விடுதலை பற்றி விரிவாகப் பேசிக்கொண்டிருந்தன. இறந்தவர்களின் குடும்பங்கள் பற்றிப் பேச்சே இல்லை. கூட்டணி அந்தக் குடும்பங்களோடு பேசி வரைவு கொண்டுவந்தது. மோதல் பகுதிகளின் இளைஞர்களுக்கு உதவி, இரு சமூகக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள், இரு சமூகத்தவரும் அக்கம்பக்கமாக வாழும் குடியிருப்புகள் ஆகியவையும் அதே பகுதியில் இடம்பெற்றன. பதவிப் பங்கீடு பற்றிய உடன்படிக்கையில் பள்ளிக்கூடமும் வீடும் வந்தது இப்படித்தான்.

மூன்றாவது, குடிமக்கள் மன்றம். வணிகர்கள், தொழிற்சங்கங்கள், தன்னார்வ அமைப்புகள் முதலியோரின் பிரதிநிதிகள் சட்டமன்றத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சமூக, பொருளாதார, பண்பாட்டு விஷயங்களில் ஆலோசனை சொல்லும் அவை. தேர்தலில் நிற்காமலேயே பெண்கள் அமைப்புகள் ஆட்சியின் காதருகே இருக்க இது வழி என்று கூட்டணி நம்பியது. உடன்பாட்டில் அது இடம்பெற்றது. ஆனால் உறுப்பினர்களைத் தேர்வு செய்யும் வழிமுறையையும் நிர்வாக உதவியையும் முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் ‘இணங்கி’ ஏற்பாடு செய்வார்கள் என்று எழுதப்பட்டது. ஒருவர் ஒன்றியவாதி, மற்றவர் தேசியவாதி. இருவரில் ஒருவருக்கு விருப்பம் இல்லையென்றால் எதுவும் நடக்காது.

நான்காவது விஷயத்தில் கூட்டணி தோற்றது. புதிய சட்டமன்றத்துக்கும் 1996 போலவே மாகாணப் பட்டியல் இடங்கள் சில வேண்டும் என்று கேட்டார்கள். ஏற்கப்படவில்லை. 18 தொகுதிகள், தொகுதிக்கு ஆறு பேர், மொத்தம் 108. ஒற்றை மாற்று வாக்கு முறை. நம் மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் வரிசை எண் போட்டு வாக்களிப்பார்களே, அதே முறையைப் பொதுமக்கள் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்ளலாம். ஆறு இடம் உள்ள தொகுதியில் ஒரு இடம் பிடிக்க ஏழில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதாவது 14.3 சதவீதம் வேண்டும். 1996இல் மாகாணம் முழுவதும் ஒரு சதவீதம் போதுமாக இருந்தது. இனி ஒரே தொகுதிக்குள், விருப்ப வரிசையில் கைமாறும் வாக்குகளையும் சேர்த்து, 14 சதவீதத்தைத் தொட வேண்டும். அந்த இரவுகளில் இந்த ஒரு கோரிக்கையைப் பிடிவாதமாகப் பிடிக்காமல் விட்டதே கூட்டணியின் மிகப் பெரிய இழப்பு என்று தோன்றுகிறது. பெரிய கட்சிகளில் எதற்கும் அதில் லாபம் இல்லை. ஆகவே பிடித்திருந்தாலும் கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி.

வாக்கெடுப்பும் சட்டமன்றமும்

மே 22 மக்கள் வாக்கெடுப்பில் 81 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், 71.1 சதவீதம் ஆம் என்றார்கள். உடன்பாட்டின் நகல் வீடுதோறும் அனுப்பப்பட்டிருந்தது. சட்டமொழி சாதாரண ஆளுக்குப் புரியவில்லை. கூட்டணி அதை எளிய நடையில் விளக்கி எழுதிக் கொடுத்தது.

ஜூன் 25 சட்டமன்றத் தேர்தலில் கூட்டணிக்கு 13,019 முதல் விருப்ப வாக்குகள், 1.6 சதவீதம். தெற்கு பெல்ஃபாஸ்டில் மெக்வில்லியம்ஸ், வடக்கு டவுனில் ஜேன் மோரிஸ் வென்றார்கள். இருவருக்கும் முதல் விருப்ப வாக்குகள் 14 சதவீதத்துக்குக் கீழேதான். மற்றக் கட்சிகளின் வாக்காளர்கள் இரண்டாவதாக, மூன்றாவதாக இவர்களுக்கு எண் போட்டதால் கரையேறினார்கள். 108 பேரில் பெண்கள் 14 பேர்.

உள்ளே போனதும் புதுச் சிக்கல். ஒவ்வோர் உறுப்பினரும் தன்னை ஒன்றியவாதி, தேசியவாதி, மற்றவர் என்று பதிந்துகொள்ள வேண்டும். முக்கியத் தீர்மானங்களுக்கு இருதரப்புப் பெரும்பான்மையும் தனித்தனியே எண்ணப்படும். ‘மற்றவர்’ வாக்கு அந்தக் கணக்கில் சேராது. பாலமாக இருக்க வந்தவர்களின் வாக்குக்கு அங்கே எடை இல்லை.

2001 நவம்பர் 2 அன்று ஒன்றியவாதத் தலைவர் டேவிட் டிரிம்பிளை மீண்டும் முதலமைச்சராக்கும் வாக்கெடுப்பு. அவர் தோற்றால் ஆட்சியே கவிழும். ஒன்றியவாதிகளின் எண்ணிக்கை போதவில்லை. கூட்டணியின் இருவரும் தங்கள் பதிவை மாற்றினார்கள்: ஜேன் மோரிஸ் ஒன்றியவாதி, மோனிகா மெக்வில்லியம்ஸ் தேசியவாதி. தரப்பு வேண்டாம் என்று கட்சி தொடங்கியவர்கள், சமாதான ஆட்சி கவிழாமல் இருக்க, ஆளுக்கொரு தரப்பை ஏற்றார்கள். அப்படியும் ஒன்றியவாதிகள் கணக்கில் 29க்கு 30 என்று ஒரே வாக்கில் தோற்றது. நான்கு நாள் கழித்து, நடுநிலைக் கட்சியான அலையன்ஸின் மூன்று பேரும் ஒன்றியவாதிகளாகப் பதிந்த பிறகுதான் டிரிம்பிள் தேர்வானார்.

முடிவு

2002 அக்டோபரில் சட்டமன்றம் முடக்கப்பட்டது. 2003 நவம்பர் 26 தேர்தலில் இருதரப்பிலும் கடும்போக்குக் கட்சிகள் முதலிடம் பிடித்தன: ஜனநாயக ஒன்றியவாதக் கட்சிக்கு 30, சின் ஃபெயினுக்கு 24. பெண்கள் கூட்டணி இரண்டு இடங்களையும் இழந்தது. 2006இல் கலைந்தது.

மக்கள் கைவிட்டார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவது நியாயமல்ல. உடன்பாடு தடுமாறும்போது வாக்காளர் தன் தரப்பின் பலமான காவலரைத் தேடினார். விருப்ப வரிசையில் கைமாறி வந்த வாக்குகள் வற்றின. கட்சிக்குக் கிளைகள் இல்லை, நிதி இல்லை. சட்டமன்றம் முடங்கியதும் உறுப்பினர்கள் மக்கள் கண்ணில் படும் மேடையும் போனது. பேச்சுவார்த்தைக்காக ஆறு வாரத்தில் கட்டப்பட்ட அமைப்பு, தொகுதி வேலை செய்யும் கட்சியாக மாறவில்லை. 1996 விதி நீடித்திருந்தால் 2003லும் மேசையில் இருந்திருக்கலாம்.

வாசகங்களுக்கு என்ன ஆயிற்று

உடன்பாட்டைச் சட்டமாக்கிய 1998ஆம் ஆண்டின் வட அயர்லாந்துச் சட்டத்தில் 75ஆம் பிரிவு, ஆண்–பெண் உட்பட ஒன்பது வகையினரிடையே சம வாய்ப்பைப் பேணுவதை அரசு அமைப்புகளின் கடமையாக்கியது. இதற்காகப் பெண்கள் கூட்டணி மட்டுமல்ல, தொழிற்சங்கங்களும் உரிமை அமைப்புகளும் சேர்ந்து உழைத்தன. ஒவ்வோர் அமைப்பும் சமத்துவத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைச் சமத்துவ ஆணையம் சரிபார்க்கும். மீறினால் புகார் கொடுக்கலாம். குறைகள் உண்டு, காகித வேலை அதிகம். ஆனால் கடமைக்காரர், கண்காணிப்பவர், முறையிடும் வழி மூன்றும் இருப்பதால் இன்றும் உயிரோடு இருக்கிறது.

வட அயர்லாந்துக்கான உரிமைச் சட்டத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மனித உரிமை ஆணையம் ஆலோசனை மட்டும் சொல்லும் என்றுதான் உடன்பாட்டில் இருந்தது. மெக்வில்லியம்ஸ் தலைமையில் ஆணையம் 2008 டிசம்பரில் முழு வரைவு கொடுத்தது. லண்டன் அதைச் சட்டமாக்கவில்லை.

2000 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1325ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. மோதலைத் தீர்ப்பதில் பெண்களின் பங்கை நாடுகளின் பொறுப்பாக்கிய முதல் தீர்மானம் அது. பிரிட்டன் அதற்குத் தேசியச் செயல்திட்டம் போட்டது, ஆனால் வட அயர்லாந்தை அதில் சேர்க்கவில்லை. ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழு 2013இல் இதைச் சுட்டிக்காட்டியது. 2016இல் கொடி, அடையாளம், பண்பாடு பற்றிய பிணக்குகளைத் தீர்க்க ஆணையம் ஒன்று அமைந்தது. பதினைந்து உறுப்பினர்கள், அதில் ஒருவர் பெண்.

குடிமக்கள் மன்றம் 2000 அக்டோபரில் 60 உறுப்பினர்களோடு கூடியது. இரண்டே ஆண்டில் சட்டமன்றத்தோடு அதுவும் நின்றது. 2007 மே மாதம் சட்டமன்றம் திரும்பியபோது இதைக் கூட்ட இருதரப்புத் தலைமைக்கும் இணக்கம் ஏற்படவில்லை. பின்னால் அதற்குப் பதில் ஆறு பேர் கொண்ட சிறு ஆலோசனைக் குழு பற்றிப் பேச்சு வந்தது.

2022 தேர்தலில் 90 உறுப்பினர்களில் பெண்கள் 32 பேர். 2024 பிப்ரவரியில் ஆட்சி மீண்டும் அமைந்தபோது முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் பெண்கள்: சின் ஃபெயினின் மிஷேல் ஓ’நீல், ஜனநாயக ஒன்றியவாதக் கட்சியின் எம்மா லிட்டில்-பெங்கெலி. உடன்பாட்டின் வாசகப்படி, குடிமக்கள் மன்றத்துக்குத் தேவையான இரண்டு சம்மதங்களும் இப்போது அந்த இரு நாற்காலிகளில் இருக்கின்றன.